ஒரே சொடுக்கில் டெர்மினல்!

மேக்கில் நிரல் எழுதுகிற யாரைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, "ஓப்பன்-இன்-டெர்மினல் லைட் போட்டாச்சா?" என்றுதான். இல்லை என்றால் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து போட்டுக்கொடுத்த பிறகுதான் மறுவேலை. அப்படிப் பிடித்துப்போயிற்று எனக்கு!

ஃபைண்டரில் ஒரு ஃபோல்டர் கண்ணெதிரே திறந்திருக்கிறது. அதே இடத்தில் டெர்மினல் வேண்டும். வேறு வழி தெரியாதவர் டெர்மினலைத் திறந்து, 'சிடி' என்று அடித்து, ஃபோல்டரை அதற்குள் இழுத்துப் போட்டு, என்டர் தட்டுவார். நாள் முழுக்க இதேதான். எந்த ஃபோல்டரில் இருக்கிறோம் என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியும்போது அதையே நாம் எதற்கு மறுபடி சொல்ல வேண்டும்?

ஆப்பிளே சில வழிகள் கொடுத்திருக்கிறது. சர்வீசஸ் பட்டியலில் 'நியூ டெர்மினல் அட் ஃபோல்டர்' உண்டு. கீபோர்டு ஷார்ட்கட்டும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது தேர்ந்தெடுத்த ஃபோல்டருக்கானது. நாம் உள்ளே நுழைந்து பார்த்துக்கொண்டிருக்கும் ஃபோல்டருக்கு வேண்டுமென்றால் ஆப்ஷன்-கமாண்ட்-பி அழுத்திப் பாதைப் பட்டையை வரவழைத்து, அதில் ரைட் கிளிக் செய்யலாம். இரண்டும் நல்லவைதான். ஆனால் திறப்பது ஆப்பிளின் டெர்மினல். நானோ ஐடெர்ம் 2 என்ற வேறொரு டெர்மினலின் ஆள்.

ஓப்பன்-இன்-டெர்மினல் லைட் ஜெயிப்பது இங்கேதான். கட்டற்ற மென்பொருள், காசு கிடையாது. அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டரிலிருந்து கமாண்ட் விசையை அழுத்தியபடி அதன் ஐகானை ஃபைண்டரின் டூல்பாருக்கு இழுத்து விடுங்கள், அங்கேயே ஒட்டிக்கொள்ளும். முதல் முறை சொடுக்கும்போது எந்த டெர்மினல் என்று கேட்கும். ஃபைண்டரை லைட் கையாள மேக் உங்களிடம் அனுமதி கேட்கும். சரி என்று கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எந்த ஃபோல்டர் என்று அதற்குத் தெரியாது. அவ்வளவுதான்! அதன் பிறகு சொடுக்கினால் ஐடெர்ம், அந்த ஃபோல்டரிலேயே, தயாராக நிற்கிறது. வேலை முடிந்ததும் லைட் தானே விலகிக்கொள்கிறது. பின்னணியில் எதுவும் ஓடுவதில்லை. எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

இதன் பெரிய அண்ணனான முழுப் பதிப்பில் ரைட் கிளிக் மெனு, ஷார்ட்கட் விசைகள், பாதையை நகலெடுக்கும் வசதி எல்லாம் உண்டு. கீபோர்டை விட்டுக் கையெடுக்காதவர்களுக்கு அது பிடிக்கும். அதற்கு ஃபைண்டர் எக்ஸ்டென்ஷனை செட்டிங்ஸில் இயக்க வேண்டும். எனக்கு லைட்தான், சந்தேகமே இல்லை.

விண்டோஸ் நண்பர்களே, உங்களுக்கும் இருக்கிறது! எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் 'சிஎம்டி' என்று அடித்து என்டர் தட்டிப் பாருங்கள். விண்டோஸ் 11-இல் ரைட் கிளிக் மெனுவிலேயே 'ஓப்பன் இன் டெர்மினல்' வந்துவிட்டது. ஃபோல்டரை வி.எஸ். கோட் எடிட்டரில் திறக்க வேண்டுமென்றால், அதை நிறுவும்போது 'ஓப்பன் வித் கோட்' கட்டங்களை டிக் செய்ய மட்டும் மறக்காதீர்கள்.

மேக்கில் ஃபோல்டரை எடிட்டரில் திறக்கவும் லைட்டுக்கு ஒரு ஜோடி உண்டு: ஓப்பன்-இன்-எடிட்டர் லைட். என் டூல்பாரில் இரண்டும் அருகருகே இருக்கின்றன. இடதில் தட்டினால் ஐடெர்ம், வலதில் தட்டினால் அதே ஃபோல்டர் வி.எஸ். கோடில். தயவுசெய்து இன்றைக்கே இரண்டையும் சேர்த்துப் போடுங்கள்!