திறமைக்கு விசா, பிறந்த ஊருக்கு வரிசை

எச்-1பி விசா பற்றித் தமிழில் வருகிற பேச்சு பெரும்பாலும் லாட்டரியில் தொடங்கி லாட்டரியிலேயே முடிந்துவிடுகிறது. 2025 செப்டம்பரில், புதிய மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அமெரிக்க அதிபரின் பிரகடனம் வந்ததும் பேச்சு கட்டணத்துக்குத் தாவியது. இரண்டுமே நுழைவாயில் சமாச்சாரம். உள்ளே போனவர் கிரீன் கார்டு வரை எப்படிப் போய்ச் சேர்கிறார் என்று யாரும் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. என் பார்வையில் பெரிய கோளாறு அங்கேதான் இருக்கிறது. நான் வக்கீல் இல்லை, மென்பொருள் எழுதுகிறவன். அதனால் இந்தச் சட்டத்தையும் ஒரு சிஸ்டத்தைப் படிக்கிற மாதிரிதான் படித்தேன்.

முதலில் நுழைவாயில். 1990-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் எச்-1பி-யை உருவாக்கி, வருஷத்துக்கு 65,000 என்று உச்சவரம்பு வைத்தது. டாட்காம் காலத்தில் அது 1,95,000 வரை ஏறி, 2004-இல் பழைய இடத்துக்கே இறங்கியது. பிறகு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மேற்படிப்பு முடித்தவர்களுக்காக 20,000 சேர்த்தார்கள். சிலி, சிங்கப்பூர் இரண்டுக்கும் 6,800 தனியாக ஒதுக்கியிருக்கிறார்கள். மற்றபடி, நாட்டுக்கு இத்தனை என்ற பங்கீடு இங்கே கிடையாது. விளைவு என்ன? சமீப வருஷங்களில் ஒப்புதல் பெற்ற மனுக்களில் பத்துக்கு ஏழுக்கும் மேல் இந்தியாவில் பிறந்தவர்களுடையவை.

அடுத்து கிரீன் கார்டு வாசல். வேலை அடிப்படையில் வருஷத்துக்கு ஏறத்தாழ 1,40,000 கார்டுகள். மனைவி, கணவன், பிள்ளைகள் எல்லோரும் இந்த எண்ணிக்கைக்குள்ளேயே அடக்கம். இங்கே ஒரு புது விதி குறுக்கே வருகிறது: எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. மேற்படிப்பு படித்தவர்களுக்கான இ.பி.-2 பிரிவுக்குக் கிடைப்பது சுமார் 40,000. அதில் 7 சதவீதம் என்றால் 2,800. வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்தால் 700 குடும்பம்.

மற்ற நாடுகள் பயன்படுத்தாத இடங்கள் இந்திய வரிசைக்கு வந்து சேரும் என்பதால் நடப்பில் எண்ணிக்கை கொஞ்சம் கூடும். கோவிட் காலத்தில் குடும்ப விசாக்கள் மீந்துபோனதால் 2022 நிதியாண்டில் மொத்தமே 2,80,000-ஐத் தாண்டியது. அந்த செப்டம்பரில் இந்தியாவின் இ.பி.-2 வரிசை 2014 டிசம்பர் வரை முன்னேறியது. அடுத்த மாதமே 2012 ஏப்ரலுக்குப் பின்வாங்கியது. 2025-இல் அது 2013-ஐத் தொடுவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. பஸ்ஸில் இடம் பிடித்து உட்கார்ந்தவரை எழுப்பி, மறுபடியும் ஸ்டாப்பில் கொண்டுபோய் நிறுத்திய மாதிரி.

உள்ளே வரும் குழாய்க்கு நாட்டுவாரி அளவு இல்லை, வெளியே போகும் குழாய்க்கு 7 சதவீத அளவு. நடுவில் தொட்டி நிரம்பி வழியாமல் வேறு என்ன செய்யும்? கல்லூரி முடித்து வந்த பையன்கூட டிசைன் ரிவ்யூவில் இதைச் சுட்டிக்காட்டிவிடுவான்.

சட்டம் இயற்றியவர்களுக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. எச்-1பி-க்கு ஆறு வருஷம்தான் ஆயுள். 2000-இல் கொண்டுவந்த ஒரு சட்டம், நாட்டுவாரி வரம்பால் கார்டு கிடைக்காமல் காத்திருப்பவர்களுக்கு ஆறு வருஷத்துக்குப் பிறகும் நீட்டிப்பு தரலாம் என்றது. அதாவது 25 வருஷத்துக்கு முன்பே பிழை கண்ணில் பட்டுவிட்டது. பிழையைத் திருத்தாமல் மேலே ஒரு பேட்ச் ஒட்டினார்கள். அதனால்தான் இன்றைக்குப் பதினைந்து வருஷமாகத் ‘தற்காலிக’ ஊழியராக இருப்பவர்களைப் பார்க்கிறோம். வீடு வாங்கி, வரி கட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் இவர்களுக்கு வேலை போனால் கிடைக்கும் அவகாசம் அதிகபட்சம் 60 நாள்.

இதில் எனக்கு மிகவும் உறுத்துவது வேறொன்று. இந்த வரிசையில் ‘நாடு’ என்றால் பாஸ்போர்ட் இல்லை, பிறந்த இடம். ஒரு கணக்குக்காக இரண்டு அண்ணன் தம்பிகளை எடுத்துக்கொள்வோம். அப்பா குவைத்தில் வேலை பார்த்த காலத்தில் அண்ணன் அங்கே பிறந்தான். ஊர் திரும்பிய பிறகு தம்பி திருச்சியில் பிறந்தான். ரெண்டு பேருக்கும் இந்தியப் பாஸ்போர்ட், ஒரே கல்லூரி, ஒரே படிப்பு, ஒரே கம்பெனி. அண்ணன் குவைத் கணக்கில் போய்விடுவான், அங்கே இந்தியா அளவுக்கு நெரிசல் கிடையாது. தம்பி இந்திய வரிசையில் நிற்பான். அவன் நாளைக்குக் கனடா குடியுரிமை வாங்கினாலும் வரிசை மாறாது. வேறு நாட்டில் பிறந்த பெண்ணைக் கட்டிக்கொண்டால் மட்டும் அவள் நாட்டுக் கணக்கில் சேரலாம்! திறமைசாலிகளுக்கான விசா என்று சொல்லிக் கூட்டிவந்து, கடைசியில் கேட்பது பிரசவ வார்டு எங்கே என்று.

வரலாற்றைப் பார்த்தால் இது இன்னும் முரணாகத் தெரியும். 1924-ஆம் ஆண்டுச் சட்டம் தேசிய மூலத்தை வைத்து ஒதுக்கீடு செய்தது. 1946-இல் இந்தியர்களுக்குக் கொடுத்தது வருஷத்துக்கு 100 இடம். இந்த முறையே தவறு என்று சொல்லித்தான் 1965-இல் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். எல்லா நாடும் சமம் என்றார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் சமமாக்கியது நாடுகளை, மனிதர்களை இல்லை. 140 கோடிப் பேர் இருக்கும் நாட்டுக்கும் சில லட்சம் பேர் இருக்கும் ஐஸ்லாந்துக்கும் ஒரே 7 சதவீதம்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். வரம்பை எடுத்துவிட்டால் பல வருஷங்களுக்கு இந்தியர்களும் சீனர்களுமே கார்டுகளை அள்ளிக்கொள்வார்கள், பிலிப்பைன்ஸ் செவிலியரும் நைஜீரிய எஞ்சினியரும் காத்துக் கிடப்பார்கள் என்கிறார்கள். அது உண்மைதான். வேலை விசாக்களுக்கு இந்த வரம்பை நீக்கும் மசோதா 2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 365-65 என்று நிறைவேறியது. செனட் 2020 டிசம்பரில் தன் திருத்தங்களோடு நிறைவேற்றியது. இரண்டு வடிவமும் ஒன்றுசேராமலே காலாவதியாகிவிட்டன.

என் கேள்வி ஒன்றுதான். பலநாட்டுச் சமநிலை அவ்வளவு முக்கியம் என்றால், அதை ஏன் நுழைவாயிலில் வைக்கவில்லை? கம்பெனிக்கு ஆள் தேவைப்படும் இடத்தில் பிறந்த ஊர் பொருட்டில்லை. அந்த ஆளுக்கு உரிமை தேவைப்படும் இடத்தில் மட்டும் பிறந்த ஊர் பொருட்டாகிறது. இடைப்பட்ட வருஷங்களில் அவர் எளிதில் வேலை மாற மாட்டார், பதவி உயர்வைக்கூட வக்கீலைக் கேட்டுத்தான் ஏற்றுக்கொள்வார். இதனால் யாருக்கு லாபம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதில் அதிகமாக அடிபடுவது பிள்ளைகள். 21 வயது ஆனால் பெற்றோரின் வரிசையிலிருந்து வெளியே வந்துவிட வேண்டும். 2002-ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டம், மனு பரிசீலனையில் இருந்த நாட்களை மட்டுமே வயதிலிருந்து கழிக்கிறது. வரிசையில் நின்ற வருஷங்களைக் கழிப்பதில்லை. இரண்டு வயதில் போன குழந்தை, வேறு ஊரே தெரியாமல் வளர்ந்து, கடைசியில் வெளிநாட்டு மாணவர் விசா கேட்டு விண்ணப்பிக்கிறது.

முழுத் தீர்வுக்கு அரசியல் இடம் கொடுக்காவிட்டாலும், மனு போட்ட தேதியிலேயே பிள்ளையின் வயதை நிறுத்திவைப்பது, குடும்பத்தாரை எண்ணிக்கையில் சேர்க்காமல் விடுவது என்ற இரண்டையும் செய்தாலே பாதி வலி குறையும். அதுவரை, லாட்டரி விழுந்த சந்தோஷத்தில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். சம்பளம் எவ்வளவு என்று கேட்கிற அன்றைக்கே, கிரீன் கார்டு மனுவை எந்த வருஷம் தொடங்குவீர்கள் என்றும் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். வரிசையில் உங்கள் இடம் அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணப்படும்.