சிலம்பில் ஊழும் கோலும்

வெளிமாநிலங்களில் வாழும் நம் போன்றோரின் சங்க விழாக்களில், பட்டிமன்றம் இன்றி விழா நிறைவுறுவதில்லை. “கோவலன் கொலைக்குக் காரணம் ஊழா, அரசனா, பொற்கொல்லனா?” என்னும் தலைப்பு எத்தனையோ மேடைகளைக் கண்டது. மூன்று அணியினரும் முழங்கி ஓய்ந்தபின் நடுவர் எழுந்து, “எல்லாம் ஊழ்” என்று தீர்ப்பளிப்பார். நாமும் கைதட்டி விட்டு வீடு திரும்புவோம். அத்தீர்ப்பு சரிதானா என்பதை இக்கட்டுரையில் சற்றே ஆராய்வோம்.

சிலப்பதிகாரப் பதிகம் காப்பியத்தின் நோக்கங்களாக மூன்றினைக் கூறுகிறது. அரசாட்சியில் தவறியவர்க்கு அறமே காலனாக வரும் என்பது ஒன்று. பத்தினியைச் சான்றோர் போற்றுவர் என்பது மற்றொன்று. பழவினை தன் பயனைத் தராமல் போகாது என்பது பிறிதொன்று. முதலாவதும் இறுதியாவதும் ஒன்றோடொன்று முரண்படுவதாகத் தோன்றும். கோவலன் இறந்தது பழவினையால் என்றால், பாண்டியன் வெறும் கருவியே. கருவியை அறம் தண்டிப்பது முறையாகுமா? பாண்டியன் தவறினான் என்றால், ஊழுக்கு அங்கு என்ன வேலை? மனிதன் தன் செயலுக்குத் தானே தலைவனா, அன்றி முன்னமே வரையறுக்கப்பட்ட வழியில் செல்பவனா என்று மேலைநாட்டு அரசியல் தத்துவ அறிஞர்கள் நெடுங்காலமாக வாதிட்டு வரும் வினாவே இது. இளங்கோவடிகள் அதனை ஒரு கொலை வழக்காக்கி நம்முன் வைக்கிறார்.

கொலைக்களம்

கொலைக்களக் காதையைப் பொறுமையுடன் படித்தல் வேண்டும். ஊடிச் சென்ற தேவியை நாடி அரசன் விரைகிறான். வழியில் பொற்கொல்லன் வணங்கி, சிலம்பு திருடிய கள்வன் தன் குடிலில் இருப்பதாகக் கூறுகிறான். அரசன் அவையைக் கூட்டவில்லை, அமைச்சரைக் கேட்கவில்லை, ஊர்க்காவலரை அழைத்து, தேவியின் சிலம்பு அவன் கையில் இருந்தால் அவனைக் கொன்று சிலம்பைக் கொணருமாறு பணிக்கிறான். வினை விளையும் காலம் வந்தமையால் இவ்வாறு கூறினான் என்று அடிகளும் குறிக்கிறார். அரசன் சொல்ல நினைத்தது வேறு, வினை அவன் நாவைப் பிறழச் செய்தது என்று கொள்ளும் விளக்கமும் உரைமரபில் உண்டு.

ஆயினும் கதை அங்கே முடியவில்லை. அரசன் ஆணையில் ஒரு நிபந்தனை இருக்கிறது: ‘தேவியின் சிலம்பாக இருந்தால்.’ அதைச் சோதிப்பவர் யார்? குற்றம் சாட்டியவனே உடன் செல்கிறான். காவலருள் சிலர் கோவலனைப் பார்த்த அளவில், இவன் கள்வனாகத் தோன்றவில்லை என்று தயங்குகின்றனர். உடனே பொற்கொல்லன் கள்வரின் எண்வகைத் துணைகளை அடுக்கிப் பேசுகிறான். ஓர் இளங்காவலன் தான் கண்ட கள்வன் கதையைச் சொல்கிறான். இவ்வாறு பேசிக்கொண்டிருக்கையில் கல்லாத குடியன் ஒருவன் வாளை வீசி விடுகிறான். தேவியின் மற்றொரு சிலம்பைக் கொணர்ந்து ஒப்பிட எவருக்கும் தோன்றவில்லை. ஊழ் மட்டுமே செய்த செயல் எனக் காட்டுவதே அடிகளின் கருத்தானால், இத்தனை தயக்கங்களையும் பேச்சுக்களையும் அவர் ஏன் நுணுக்கமாக எழுத வேண்டும்? ஒவ்வொரு படியிலும் ஒருவர் நின்றிருக்கலாம். ஒருவரும் நிற்கவில்லை. அடிகள் காட்டுவது இதுவே.

கண்ணகி பிரித்த பிரிவு

வழக்குரை காதையில் கண்ணகி தன்னை அறிமுகப்படுத்திக் கொள்ளும் இடத்தைப் பலர் விரைந்து கடந்து விடுகின்றனர். வாழ்வு நாடி, ஊழ்வினை துரத்த, உன் நகருக்கு வந்தோம் என்கிறாள். அடுத்த சொற்களிலேயே, சிலம்பை விற்கச் சென்றவன் உன்னால் கொலையுண்டான் என்கிறாள். ஊழை அவள் மறுக்கவில்லை. அதற்குரிய எல்லையை மட்டும் வகுக்கிறாள். புகாரிலிருந்து மதுரைக்குத் துரத்தியது ஊழ். மதுரையில் கொன்றது கோல். அரசனை அவள் ‘ஊழால் மயங்கியவனே’ என்று விளிக்கவில்லை. ஆராயாத மன்னன் என்றே விளிக்கிறாள்.

பாண்டியன் முதலில், கள்வனைக் கொல்வது கொடுங்கோன்மை ஆகாது என்று விடையிறுக்கிறான். சிலம்பு உடைந்து முத்துக்குப் பதிலாக மாணிக்கம் தெறித்ததும் அவன் கூறுவது யாது? கொல்லன் பேச்சைக் கேட்ட நான் அரசனல்லன், நானே கள்வன், குடிகாக்கும் காவல் என்னால் பிழைத்தது என்கிறான். ஊழ் என்ற சொல் அவன் வாயில் வரவே இல்லை. அச்சொல்லைச் சொல்லித் தப்ப அவனுக்கு முழு வாய்ப்பு இருந்தது. காப்பிய ஆசிரியரே அவனுக்காக அதைச் சொல்லியிருக்கிறார். அவனோ அதை எடுத்துக்கொள்ளாமல் உயிர் நீத்தான்.

மதுராபதியின் வாதம்

ஊழ் என்னும் வாதத்தை விரிவாக எடுத்துரைப்பவள் கட்டுரை காதையில் தோன்றும் மதுராபதி. பாண்டியர் குலதெய்வமாகிய அவள் அக்குலத்துக்காகப் பேசுகிறாள். அந்தக் குறிப்புடனே அவள் சொற்களைக் கேட்க வேண்டும். முற்பிறப்பில் கோவலன் சிங்கபுரத்து அரசனிடம் பணிபுரிந்த பரதன் என்பவன். சங்கமன் என்னும் வணிகனைப் பகைவரின் ஒற்றன் என்று பிடித்து, அரசனிடம் காட்டிக் கொல்வித்தான். வணிகன் மனைவி நீலி பதினான்கு நாள் புலம்பிச் சாபமிட்டு மலையேறி உயிர் விட்டாள். அதன் பயனே இது என்கிறாள்.

இக்கதையைச் சற்றே நின்று நோக்குவோம். மதுரைக் கொலையின் வேராகக் காட்டப்படும் ஊழே, வேற்றூரில் அரசு ஊழியன் ஒருவன் விசாரணையின்றிச் சாட்டிய பொய்க்குற்றந்தான்! பரதனும் ஊழால்தான் அதைச் செய்தான் என்றால், அவனுக்குப் பழி ஏது, சாபம் ஏது? அவன் செய்யாதிருந்திருக்கலாம் என்ற நிலை இருந்தால் மட்டுமே அது வினையாகும். ஊழ் என்பது பண்டு ஒருவன் தானே விரும்பிச் செய்த செயலின் நீண்ட நிழல்.

அதே மதுராபதி வார்த்திகன் கதையையும் சொல்கிறாள். ஏழை அந்தணன் வீட்டுச் சிறுவன் அணிகலன் பூண்டிருப்பதைக் கண்டு, தந்தையைக் கள்வன் எனச் சிறையிட்டனர் அரச ஊழியர். அவன் மனைவி அழுதாள். ஐயை கோயிற்கதவு திறக்கவில்லை. பாண்டியன் காரணம் வினவி, பிழையை உணர்ந்து, வார்த்திகனிடம் பொறுத்தருள வேண்டி, திருத்தங்காலும் வயலூரும் அளித்தான். அதே பாண்டிய அரசு, அதே வகைக் குற்றச்சாட்டு. அங்கே விசாரித்தனர், உயிர் பிழைத்தது. இங்கே விசாரிக்கவில்லை, உயிர் போயிற்று. பாண்டியனுக்காக வாதாட வந்தவளே அவனுக்கு எதிரான சான்றினையும் அளித்து விடுகிறாள்.

வளைத்ததும் நிமிர்த்ததும்

முரணைத் தீர்க்கும் சொல்லைக் காட்சிக் காதையில் சேரன் செங்குட்டுவன் வாயில் அடிகள் வைக்கிறார். வினை வளைத்த கோலைப் பாண்டியன் தன் உயிரைக் கொடுத்து நிமிர்த்தினான் என்பது அவன் கருத்து. வளைத்தது வினையாகவே இருக்கட்டும். நிமிர்த்துவது மனிதன் கையில் இருக்கிறது.

வள்ளுவரின் வைப்புமுறையும் இதனோடு ஒத்துச் செல்கிறது. ‘ஊழ்’ அறத்துப்பாலின் இறுதியாகிய 38-ஆம் அதிகாரம். அடுத்ததே ‘இறைமாட்சி’. ஊழின் வலிமையைக் கூறி முடித்த கையோடு அரசனை அழைத்து அவன் கடமைகளைப் பட்டியலிடுகிறார். 541-ஆம் குறளில், குற்றத்தை ஆராய்ந்து, ஒருபாற் சாயாது, தேர்ந்து செய்வதே முறை என்கிறார். ஊழையும் புறங்காண்பர் என்று 620-ஆம் குறளில் முயற்சியை உயர்த்துகிறார்.

இசாயா பெர்லின் என்னும் அறிஞர் 1953-இல் இலண்டனில் ஆற்றிய சொற்பொழிவொன்றில், வரலாற்றில் எல்லாம் தவிர்க்கவியலாதவை என்று கொண்டால் புகழுக்கும் பழிக்கும் பொருளில்லாமற் போகும் என்று எச்சரித்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1945-46-இல் நடந்த நியூரம்பெர்க் விசாரணையில், மேலிடத்து ஆணை என்பது குற்றத்திலிருந்து விடுவிக்காது என்பது விதியாக ஏற்கப்பட்டிருந்தது. அந்த விதியின்படி, வாள் வீசிய காவலனும் தப்ப முடியாது.

நமக்கு

மைய அரசு அலுவலகமொன்றில் எழுத்தராக இருக்கும் நமக்கு இவ்வாராய்ச்சி வெறும் இலக்கியப் பொழுதுபோக்கன்று. ‘விதி’ என்ற சொல்லுக்குத் தமிழில் இரு பொருள்: அலுவலகத்தில் சட்டவிதி, வீட்டில் தலைவிதி. ஒருமுறை, குடும்ப ஓய்வூதியம் வேண்டி வந்த மூதாட்டி ஒருவரின் கோப்பு நம் மேசைக்கு வந்தது. இரு சான்றிதழ்களில் அவர் பெயரின் எழுத்து வேறுபட்டிருந்தது. விதிப்படி குறிப்பெழுதித் திருப்பினோம். மூன்று முறை திருப்பினோம். மூன்றாம் முறை அவர், “எல்லாம் என் தலைவிதி, தம்பி” என்று கூறிச் சென்றார். திருப்பி அனுப்பிய குறிப்பில் இருந்ததோ நம் கையெழுத்து. அன்று மாலையே உறுதிமொழிப் பத்திரம் ஒன்று போதும் என்று விதிநூலில் தேடிக் கண்டு கோப்பை மேலே அனுப்பினோம். அந்த வழி முதல் நாளிலும் அதே பக்கத்தில் இருந்தது. எழுத்தர் ஒருவரைப் பணிநீக்கம் செய்வதற்குக்கூட, பொதுவாக, அவர் சொல்லைக் கேட்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 311-ஆம் பிரிவு. நமக்குக் கிடைக்கும் அந்தக் காப்பினை, நம் மேசைக்கு வருபவர்க்கு நாம் அளிக்கிறோமா?

கோவலனும் கண்ணகியும் பிழைப்பு நாடி வேற்றூர் புகுந்தவர்கள், நம்மைப் போன்றவர்கள். நம்மை இவ்வூருக்குக் கொணர்ந்தது ஊழ் என்று சொல்லிக்கொள்வதில் பிழையில்லை. துன்புற்றவர் வாயில் அச்சொல் ஆறுதல். துன்பம் செய்தவர் வாயிலோ அது சாக்கு. பாண்டியன் அந்தச் சாக்கைத் தேடவில்லை. அதனாலேயே, தவறிய அரசனாயினும், அவனை நாம் இன்றும் மதிக்கிறோம். அடுத்த பட்டிமன்றத்தில் நடுவர் “ஊழே” என்று தீர்ப்பளிக்கும்போது, கைதட்டும் முன் கண்ணகி பிரித்த பிரிவை ஒருமுறை நினைவு கூர்வோமாக.