ஊடகம் மாறும் உரிமை: கே.ஜி. சுப்ரமணியனின் பட்டறையை முன்வைத்து

தமிழில் ஓவியருக்கு இருப்பது ஸ்டூடியோ. ஆசாரிக்கு இருப்பது பட்டறை. கைத்தறி நெசவாளர் பலருக்குத் தனியாக அப்படி ஓர் இடமே கிடையாது. வீடுதான் தறிக்கூடம், சாப்பிடும் இடத்துக்கும் தறிக்குழிக்கும் நாலடி தூரம். குயவருக்கு வாசல். பொருளைக் கையில் எடுத்து வேறொன்றாக மாற்றுகிற ஒரே காரியம் நடக்கும் இடங்களுக்கு இத்தனை பெயர்கள். மொழியின் வளம் என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம். சாதியின் வளம் என்றும் சொல்லலாம். ஸ்டூடியோக்காரர் இன்றைக்குக் கித்தானில் வரைவார், நாளைக்கு மண்ணை எடுப்பார், அடுத்த வருஷம் வீடியோவுக்குப் போவார். ‘புதிய ஊடகங்களைத் தேடும் பயணம்’ என்று காட்சிக் கையேட்டில் எழுதுவார்கள். வாசலில் உட்கார்ந்திருப்பவர் ஊடகம் மாறினால் அதற்கு நாம் வைத்திருக்கும் வாக்கியம் வேறு: குலத்தொழிலை விட்டுட்டுப் போயிட்டான்.

இந்தக் கேள்வியைக் கே.ஜி. சுப்ரமணியனிடம் (1924–2016) கொண்டுபோய் வைத்துப் பார்க்கக் காரணம் உண்டு. சின்ன ஆளிடம் வைத்தால் பதில் சுலபமாகக் கிடைத்துவிடும். கைவினைக்கும் கலைக்கும் நடுவே எழுப்பப்பட்ட சுவரை நவீன இந்திய ஓவியர்களில் இவரைப்போல விடாமல் இடித்துக்கொண்டிருந்தவர்கள் குறைவு. கேரளத்துக் கூத்துப்பறம்பில் ஒரு தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தபோது சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர். அரசுக் கல்லூரிகளில் மேற்கொண்டு படிக்க முடியாதபடி கதவு சாத்தப்பட்டது. 1944இல் சாந்திநிகேதன் கலாபவனத்துக்குப் போனார். நந்தலால் போஸ், பினோத் பிஹாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ் மூவரும் அங்கே ஆசிரியர்கள். 1951 முதல் பரோடாவில் ஆசிரியர். 1980இலிருந்து 1989 வரை மறுபடி சாந்திநிகேதன். கடைசி வருஷங்கள் மறுபடி பரோடா. இதற்கிடையே எண்ணெய் வண்ணம், சுவர், மண், மரப்பொம்மை, நார், கண்ணாடி, குழந்தைகளுக்கான படப் புத்தகம், ஆங்கிலத்தில் கட்டுரைகள் என்று கை வைக்காத இடமில்லை.

சாந்திநிகேதனில் அவருக்குக் கிடைத்த பாடம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். சுவரோவியம் கற்பிக்க ஜெய்ப்பூரிலிருந்து நரசிங்லால் என்ற மிஸ்திரி 1920களில் அங்கே வரவழைக்கப்பட்டார். சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறவைப்பது, ஈரச் சுவரை எப்படித் தேய்த்து மெருகேற்றுவது என்பதை நந்தலாலும் மாணவர்களும் ஒரு மிஸ்திரியிடமிருந்து கற்றார்கள். அந்தச் சுவரோவியங்கள் கலை வரலாற்றில் யார் பெயரில் இருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். நரசிங்லால் அடிக்குறிப்பில் இருக்கிறார். அடிக்குறிப்பிலாவது இருக்கிறாரே என்று ஆறுதல் சொல்கிறவர்கள் உண்டு.

பினோத் பிஹாரியின் கதை வேறு. 1957இல் கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பார்வை முழுதும் போய்விட்டது. அதற்கப்புறம் காகிதத்தை வெட்டினார், மெழுகில் உருவம் பிடித்தார், 1972இல் பீங்கான் ஓடுகளால் கலாபவனத்தில் ஒரு சுவரை நிறைத்தார். ஊடகம் மாறுவது ருசிக்காக மட்டும் நடப்பதில்லை என்பதற்குச் சுப்ரமணியனுக்கு முன்னாலேயே சாட்சி இருந்தது.

பரோடாவில் அவர் செய்த ஆசிரிய வேலையில் எனக்கு முக்கியமாகப் படுவது, 1960களின் தொடக்கத்தில் ஆரம்பித்த நுண்கலைத் துறை மேளாக்கள். ஆசிரியரும் மாணவரும் பொம்மை, முகமூடி, அச்சுப்படம், சின்னப் புத்தகம் எல்லாம் செய்து ஊர்ச்சனங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் விற்றார்கள். மரத்துண்டு, தோல், பாசிமணி சேர்த்துச் சுப்ரமணியன் செய்த மிருக பொம்மைகள் அங்கே பிறந்தவை. குழந்தைப் புத்தகங்களும் அப்படித்தான். ஓவியப் பட்டதாரி ஆகப்போகிறவன் சந்தையில் கடை போட்டு உட்கார்ந்து, ‘என்ன விலை, கொஞ்சம் குறைச்சுக் கொடு’ என்ற குரலைக் கேட்பது நல்ல கல்விதான். ஆனால் மேளா சில நாட்களில் முடிந்துவிடும். கூத்தில் வேஷம் கட்டியவன் விடிந்ததும் அரிதாரத்தைத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போகிற மாதிரி மாணவன் ஈசலுக்குத் திரும்பலாம். சந்தையிலேயே பிறந்தவனுக்குத் துடைக்க அரிதாரம் இல்லை.

அந்த வகுப்பறையிலிருந்து வந்தவர்களில் மிருணாளினி முகர்ஜி (1949–2015), பினோத் பிஹாரியின் மகள். சணல் கயிற்றை முடிச்சுப்போட்டுப் போட்டு ஆளுயரத்துக்கு மேலான உருவங்களை நிறுத்தினார். தெய்வமா தாவரமா என்று தெரியாத உருவங்கள். உறி பின்னுகிற முடிச்சு வேலை சிற்பத்தின் மொழியானது. மாணவியைத் தன் நகலாக்காமல் விட்ட ஆசிரியருக்கு இதில் பங்குண்டு.

1959 முதல் 1961 வரை அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புப் பிரிவின் துணை இயக்குநராகப் பம்பாயில் இருந்தார். ஓவியர்களை நெசவாளர் சேவை மையங்களுக்குள் கொண்டுவந்த காலம் அது. நம் சிறுபத்திரிகை அட்டைகளில் பார்த்துப் பழகிய ஆதிமூலமும் மருதுவும்கூட அந்த மையத்தில் சம்பளம் வாங்கியவர்கள்தான். நல்ல காரியங்கள் நடந்தன, மறுக்கவில்லை. ஆனால் அமைப்பின் வடிவத்தைக் கவனியுங்கள். கட்டம்போட்ட தாளில் வரைகிறவர் ஒருவர், தறியில் இறக்குகிறவர் இன்னொருவர். மூளை மையத்தில், கை வீட்டில். நெசவாளரே ஒரு கோலத்தை மாற்றிப் போட்டால் அது பிழையா, படைப்பா? கோப்பில் இதற்குப் பத்தி கிடையாது.

சரி, சுடுமண்ணுக்கு வருவோம். அவருடைய மேதைமை எனக்குத் தெரிகிற இடம் அதுதான். லக்னோ ரவீந்திராலயத்தின் சுவரில் 1963இல், கண்ணுக்குத் தெரியாத ராஜாவைப் பற்றிய தாகூரின் நாடகத்தை வைத்துச் சுமார் 80 அடி நீளத்துக்குச் சுடுமண் துண்டுகளால் ஒரு படைப்பைச் செய்தார். ஓவியத்தைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டிய வேலை இல்லை அது. துண்டு துண்டாகச் சேர்வதுதான் அதன் இலக்கணம். 1971 வங்கதேசப் போரை ஒட்டிச் செய்த சின்னச் சுடுமண் புடைப்புகள் இன்னும் ஒரு படி மேலே. களிமண்ணைச் சப்பாத்தி மாதிரித் தேய்த்து, கீறி, மடித்து, கிள்ளி ஒட்டி ராணுவ ஜெனரல்களைச் செய்கிறார். மெடல்கள் உருட்டி அழுத்திய மண் உருண்டைகள். சட்டை தோலாக மடிகிறது, தோல் சட்டையாகக் கிழிகிறது. பக்கத்திலேயே வெட்டுண்ட உடல்கள், வெற்றிப் பொருள்களாக. வண்ணத்தில் வரைந்திருந்தால் கார்ட்டூனாகப் போயிருக்கும். மண் என்பதால் அதிகாரத்தின் உள்ளே இருக்கும் காலியிடம் கைக்குத் தட்டுப்படுகிறது. கன்னத்தில் பதிந்த விரல் ரேகையைப் பார்த்தால் இந்த ஜெனரலை யாரோ கிள்ளிவிட்டுப் போன மாதிரி இருக்கிறது.

இதே நேரத்தில் நம் ஊர் அய்யனார் கோயில்களை நினைத்துப் பாருங்கள். குதிரைக்குப் பக்கத்தில் சிப்பாய் நிற்கிறான், தொப்பி வைத்த போலீஸ்காரன் நிற்கிறான், சில இடங்களில் வெள்ளைக்காரத் துரையே நிற்கிறான். மீசை முறுக்கி, கண் பிதுங்கி. செய்தவர்கள் வேளார்கள். அதில் பயமிருக்கிறதா, பக்தியிருக்கிறதா, நக்கலிருக்கிறதா? சுப்ரமணியனின் ஜெனரலுக்குக் கிடைத்த வாசிப்பில் நூறில் ஒரு பங்கு அந்தப் போலீஸ்காரனுக்குக் கிடைத்ததா? மண் ஒன்றுதான், சூளையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவருடைய விரல் ரேகை கையெழுத்தாகிறது. மற்றவருடையது மரபாகிறது.

1980ஐ ஒட்டிக் கண்ணாடியோவிய முறைக்கு வந்தார். நம் தஞ்சாவூர்க் கண்ணாடிப் படங்கள் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். பின்பக்கம் வரைந்து முன்பக்கம் பார்ப்பது. ஆகவே கடைசியில் வைக்க வேண்டிய கண்ணும் நகையும் முதலில் வரும், பின்புலம் கடைசியில். அடித்துத் திருத்த முடியாது. கடைவீதியில் கிருஷ்ணனும் பட்டாபிஷேகமும் விற்ற இந்த முறையில், அக்ரிலிக் தகட்டின் மேலும் கண்ணாடியின் மேலும், அவர் தேவியையும் ஜன்னலோரப் பெண்ணையும் குரங்கையும் பூனையையும் ஒரே பளபளப்பில் உட்காரவைத்தார். சாமிப் படமா, சினிமாப் பேனரா என்று பிரிக்க முடியாத சிரிப்பு. சுலபமாக விற்ற படைப்புகளும் இவற்றில் உண்டு, சலிப்பூட்டுபவையும் உண்டு. எல்லாவற்றையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள அவசியமில்லை.

1978இலும் 1987இலும் வந்த கட்டுரைத் தொகுப்புகளில் அவர் வாதம் தெளிவாகவே இருக்கிறது. மரபு உறைந்து கிடப்பதில்லை, கைவினைஞரின் அறிவும் ஓவியரின் அறிவும் ஒரே தொடரில் உள்ள கண்ணிகள், இரண்டையும் வெட்டியதில் காலனியக் கல்விக்குப் பெரும் பங்குண்டு. பாதி உண்மை. 1850இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற சர்ஜன் தொடங்கிய சென்னைக் கலைப் பள்ளியின் கதையே இதற்கு உதாரணம்: தொழிற்கைகளைப் பயிற்றத் தொடங்கிய இடம், பிறகு நுண்கலைக் கல்லூரியாக நிமிர்ந்துகொண்டது. 1966இல் சோழமண்டலத்துக்குக் குடிபோன ஓவியர்கள் சோற்றுக்கு பாத்திக் துணி செய்தபோதும், பாத்திக் பிழைப்புக்கு, ஓவியம் கலைக்கு என்ற கோடு அழியவில்லை.

ஆனால் கையையும் தலையையும் வெட்டிய முதல் கத்தி இங்கிலாந்திலிருந்து வந்ததா? வெள்ளைக்காரன் வந்து சொல்லித்தான் நாம் குயவரை வாசலில் நிற்கவைத்தோமா? பல குயவர் சமூகங்களில் மண் பிசைகிற பெண் சக்கரத்தைத் தொடக்கூடாது. இது எந்தக் கலைப் பள்ளிப் பாடத்திட்டம்? கம்மாளர்கள் பூணூல் போட்டுக்கொண்டு, தங்கள் சடங்கைத் தாங்களே செய்யும் உரிமைக்குச் சித்தூர் அதாலத் கோர்ட்டு வரை போய் 1818இல் தீர்ப்பு வாங்க வேண்டியிருந்தது. தொழிலுக்குள் இருந்த சண்டைகள் இவை. சுப்ரமணியனின் எழுத்தில் கைவினைஞர் ‘சமூகமாக’, ‘மொழியாக’, ‘சூழலாக’ வருகிறார். சாதியாக, கூலியாக, கடனாக, வேண்டிய அழுத்தத்தோடு வரவில்லை. மரபு ஒரு மொழி என்கிறார். சரிதான். அந்த மொழியில் யார் எந்த வாக்கியத்தை மட்டும் பேசலாம் என்ற விதியும் சேர்ந்தே வருகிறது.

காட்சிக்கு வைப்பது பற்றியும் சண்டை நடந்தது. 1987இல் பரோடாவில் கே.பி. கிருஷ்ணகுமாரும் தோழர்களும் ராடிக்கல் ஓவிய, சிற்பக் கலைஞர்கள் சங்கமாகத் திரண்டு ‘கேள்விகளும் உரையாடலும்’ என்ற காட்சியை வைத்தார்கள். அறிக்கை காரமானது. 1989இல் பம்பாயில் சோத்பீஸ் நடத்திய ஏலத்தை எதிர்த்தார்கள். அந்த வருஷ முடிவிலேயே கிருஷ்ணகுமார் தற்கொலை செய்துகொண்டார், அமைப்பும் கரைந்தது. சந்தையைப் பற்றி அவர்கள் கேட்டது சரியான கேள்வி. மேளா பொம்மையின் விலையிலிருந்து ஏலச் சுத்தியல் வரை உள்ள தூரத்தைச் சுப்ரமணியனின் தலைமுறை அமைதியாகவே நடந்து கடந்தது.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஊடகம் மாறியவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்க்காமல் இந்தப் பேச்சு முடியாது. ஜன்கட் சிங் ஷ்யாம், மத்தியப் பிரதேசத்துப் பாட்டன்கட் கிராமத்துப் பர்தான் கோண்டு. பானா இசைத்துப் பாடும் சமூகம். 1980களின் தொடக்கத்தில் ஜெ. சுவாமிநாதன் அவரை போபால் பாரத் பவனுக்குக் கொண்டுவந்தார். மண்சுவரிலிருந்து காகிதத்துக்கு, அச்சுக்கு, அக்ரிலிக்குக்கு மாறினார். பாட்டில் மட்டும் இருந்த தெய்வங்களுக்கு முதல்முறையாக உருவம் கொடுத்தார். 1989இல் பாரிஸ் காட்சிவரை போனார். இதைவிடப் பெரிய ஊடகத் தேடல் எது? ஆனாலும் அவர் ‘பழங்குடி ஓவியர்’, இவர் ‘நவீன ஓவியர்’. 2001இல் ஜப்பானில் நீகாதா பகுதியின் மிதிலா மியூசியத்தில் படம் வரைந்துகொண்டிருந்த காலத்தில் ஜன்கட் தற்கொலை செய்துகொண்டார். நாற்பது வயதுகூட ஆகவில்லை.

அவருக்குப் பின்னால் வந்த துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் 2011இல் அம்பேத்கரின் வாழ்க்கையைப் படக்கதையாக வரைந்தார்கள்: பீமாயணம். தமிழிலும் வந்திருக்கிறது. படக்கதை என்றால் சதுரக் கட்டங்கள் என்ற விதியை அவர்கள் ஏற்கவில்லை. ஆட்களைப் பெட்டிக்குள் அடைக்க மாட்டோம் என்று, வீட்டுச் சுவரிலும் தரையிலும் பெண்கள் போடும் திக்னா கோலத்தை வளைத்துப் பக்கத்தைப் பிரித்தார்கள். மென்மையாகப் பேசுகிறவர்களின் சொற்கள் பறவை வடிவக் குமிழியில் வருகின்றன. தண்ணீர் மறுக்கிறவன், வண்டியை விட்டு இறக்குகிறவன், சாதி கேட்கிறவன் வாய் திறக்கிற பக்கங்களில் குமிழியின் வாலில் தேள் கொடுக்கு.