கிட்டப்பா பாடாமற்போன வருஷங்கள்

செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா 1933 டிசம்பர் 2-ஆம் தேதி காலமானபோது அவருக்கு வயது 27. பாடாந்தரம் முற்றி, சாரீரம் ஒரு நிலைக்கு வந்து, தமக்கென்று ஒரு வழி உண்டு என்பது வித்துவானுக்கே தெரியத் தொடங்கும் பருவம் அது. அந்தப் பருவத்துக்குள்ளாகவே தமிழ்நாட்டையும் கடல் கடந்து இலங்கையையும் தம் கண்டத்தால் ஆட்கொண்டுவிட்ட ஒருவர், இன்னும் முப்பது வருஷம் ஜீவித்திருந்தால் என்ன பாடியிருப்பார், எப்படிப் பாடியிருப்பார் என்பது சங்கரன்கோவில் பக்கத்து ரஸிகர்களுக்கு ஓயாத விசாரம். எங்கள் ஊரிலிருந்து தென்காசி வழியே ரயிலேறினால் செங்கோட்டை அதிக தூரமில்லை. அவர் பிறந்த 1906-ல் அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த ஊர். 1956-ல்தான் நம் ராஜ்யத்தோடு இணைந்தது. ஆனால் சமஸ்தானத்து எல்லை பாட்டுக்கு ஒருநாளும் எல்லையாக இருந்ததில்லை. கிட்டப்பாவை எங்கள் பக்கத்தார் எப்போதுமே எங்கள் பிள்ளை என்றே சொல்லிவந்திருக்கிறார்கள்.

அவருடைய வித்தை எப்படிப்பட்டது என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒலிபெருக்கி நாடகக் கொட்டகைக்கு வராத காலம். இரவு பத்து மணிக்குத் தொடங்கும் நாடகம் விடியற்காலம் வரை நடக்கும். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவன் காதிலும் சொல் சிதையாமல் விழ வேண்டும். கச்சேரி வித்துவான்களில் பலர் ஒரு கட்டை, இரண்டு கட்டை சுருதியில் நிதானமாகப் பாடிக்கொண்டிருந்தபோது, நாடக நடிகர்கள் நாலு கட்டைக்கும் மேலே நின்று பாடியே தீரவேண்டியிருந்தது இதனால்தான். அந்த உயரத்தில் பாடுகிறவர்களில் பெரும்பாலோர் கத்துவார்கள். கிட்டப்பா அங்கே உலாவினார். மேல் ஸ்தாயியில் அவருடைய பிருகாக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிர்ந்து, ஒவ்வொன்றும் தன் ஸ்வரத்தைத் தொட்டுவிட்டே நகர்வதை, தேவாமிருதவர்ஷிணியில் அவர் பாடிய தியாகராஜ ஸ்வாமிகளின் ‘எவரநி’ இசைத்தட்டில் இன்றும் கேட்கலாம். பக்கத்துக்கு மூன்று நிமிஷமே கொள்ளும் அந்தப் பழைய தட்டுக்குள் ஒரு கீர்த்தனத்தை அடக்குவதென்பது எத்தகைய நெருக்கடி! அவர் குரலில் அவசரத்தின் சுவடே தெரிவதில்லை.

அவர் இருந்திருந்தால் தியாகராஜ பாகவதருக்கு முன்னால் சினிமாவை ஆண்டிருப்பார் என்று பலரும் சொல்லிவந்திருக்கிறார்கள். காலக்கணக்கு அந்த யூகத்துக்கு இடந்தரத்தான் செய்கிறது. முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931-ல் வந்தது. கிட்டப்பா ஒரு படத்திலும் நடிக்காமலே மறைந்தார். மறுவருஷம், 1934-ல், ‘பவளக்கொடி’ வெளிவந்து பாகவதர் யுகத்தைத் தொடங்கிவைத்தது. 1935-ல், கே. பி. சுந்தராம்பாள் ஒரு லக்ஷ ரூபாய் சம்பளத்துக்கு நந்தனாராகவே நடிக்க, சங்கீத உலகில் பெருமதிப்புப் பெற்றிருந்த மகாராஜபுரம் விசுவநாதய்யர் வேதியராக அவரோடு திரையில் தோன்றினார். கொட்டகைக்கும் சபாவுக்கும் நடுவே எழுப்பியிருந்த சுவர் இவ்வாறு இடிந்து விழுந்தபோது, அதில் முதல் கல்லைப் பெயர்த்தவர் மட்டும் இல்லை.

ஆயினும் சினிமா அவரை வெகுகாலம் வைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஐந்தாறு படங்களில் பாடி, பெரும்பொருள் ஈட்டி, நாடெங்கும் கொண்டாடப்பெற்றிருப்பார், சந்தேகமில்லை. ஆனால், ராத்திரி முழுவதும் சபையின் முகம் பார்த்து, அது கேட்கக் கேட்க ஒரே வரியை வேறு வேறு விதமாக விரித்துப் பாடிப் பழகியவருக்கு, அளவாக வெட்டிக் கொடுத்த பாட்டை அளவாகப் பாடிவிட்டு எழுந்து போவது எத்தனை நாள் திருப்தி தரும்? நாற்பது வயதில், அதாவது 1946 வாக்கில், அவர் கச்சேரி மேடைக்கு வந்து நிலைத்திருப்பார் என்பதே என் துணிபு. அங்கே அவர் கொண்டுவந்திருக்கக்கூடிய பெரிய தனம் பிருகா அன்று. பிருகாவை ஜி. என். பாலசுப்பிரமணியம் கொண்டுவந்துவிட்டார், அவருடைய வேகத்தில் கிட்டப்பாவின் சாயலைக் கண்ட ரஸிகர்கள் உண்டு. கிட்டப்பா கொண்டுவந்திருக்கக்கூடியது விருத்தம்.

வள்ளலாரின் கோடை விருத்தத்தை அவர் பாடியிருப்பதைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். தாளத்தின் கட்டு இல்லை; ஹார்மோனியம் பின்னாலேயே வருகிறது; ராகம் விரிகிறது. ஆயினும் ராகத்துக்காகச் சொல் நசுக்கப்படுவதில்லை. சொல்லுக்காக ராகம் குறுகுவதுமில்லை. பதம் எங்கே பிரியவேண்டுமோ அங்கே பிரிந்து, பாவம் எங்கே கனக்கவேண்டுமோ அங்கே குரல் நின்று, பாட்டின் பொருளே ராகத்தின் போக்கை நிர்ணயிக்கிறது. கச்சேரியில் விருத்தம் கடைசியில் துக்கடாவாக, கூட்டம் எழுந்துகொண்டிருக்கும் வேளையில் பாடப்படுவது; நாடகத்திலோ அதுதான் கதையின் உயிர்நிலை. அரைமணி நேரம் ஒரு விருத்தத்தை ராகமாலிகையாக விஸ்தரித்து, அதையே கச்சேரியின் பிரதான அங்கமாக்கும் துணிவும் ஞானமும் அந்நாளில் அவர் ஒருவரிடமே சேர்ந்திருந்தன.

அதற்கு உரிய காலமும் வந்தது. 1941-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மகாநாடு கூடிற்று. 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. தெலுங்குக் கீர்த்தனமா, தமிழ்ப் பாட்டா என்று பெரியவர்கள் பத்திரிகைகளில் எதிரெதிரே நின்று வாதாடிய அந்த நாட்களில் கிட்டப்பாவுக்கு முப்பத்தைந்து, முப்பத்தேழு வயது இருந்திருக்கும். அவருக்கு அந்த வாதம் விசித்திரமாகத் தோன்றியிருக்கும். ‘எவரநி’யையும் வள்ளலாரையும் பாடி, எழுத்தறியாத குடியானவனையும் வித்துவானையும் ஒருசேரத் தலையசைக்க வைத்தவர் அவர். எங்கள் சங்கரன்கோவிலில் கோமதியம்மன் தவமிருந்து தரிசித்தது சங்கரனையும் நாராயணனையும் ஓருருவில். ஆடித்தபசுக்கு எங்கள் ஊரில் திரளும் ஜனங்களுக்கு, இரண்டு ஒரே உடம்பில் இசைந்திருக்கும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த இசைவைச் சங்கீதத்தில் காட்டத்தக்கவர் நம்மிடையே இருந்து, தேவைப்பட்ட தருணத்தில் இல்லாமற்போனார்.

வயதேற ஏற அந்த நாலு கட்டைச் சாரீரம் தாங்கியிருக்குமா என்ற கேள்வி நியாயமானது. ஆண்குரல் இறங்கத்தான் செய்யும். அவரும் சுருதியை இறக்கியிருப்பார். ஒலிபெருக்கி வந்துவிட்ட பிறகு உயரத்துக்குத்தான் என்ன அவசியம்? ஆனால் அந்தப் பயிற்சியின் உறுதி எத்தகையது என்பதற்கு சுந்தராம்பாளே சாக்ஷி. கிட்டப்பாவை இலங்கையில் மேடையில் சந்தித்து அவருடைய வாழ்க்கைத் துணைவியானவர். அவர் மறைந்தபின் வெள்ளைச் சேலையும் திருநீறுமாகவே கடைசிவரை வாழ்ந்தவர். 1953-ல் ‘ஔவையார்’ படத்திலும், ஐம்பத்தாறு வயதில், 1965-ன் ‘திருவிளையாடல்’ படத்திலும் அந்த அம்மையார் பாடியதைக் கேளுங்கள். எடுத்த எடுப்பில் உச்சத்துக்குப் போகும் அந்தக் குரலிலும், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திக் கொடுக்கும் அந்த விருத்தப் பாணியிலும் பழைய நாடக மேடை அப்படியே இருக்கிறது. கிட்டப்பாவின் பிற்காலச் சங்கீதத்தை யூகிக்க விரும்புகிறவர்கள் பாகவதரின் படப் பாட்டுக்களில் அதைத் தேட வேண்டாம். சுந்தராம்பாளின் விருத்தங்களிலே தேடட்டும்.

அவருடைய தட்டுக்களில் சில இன்று மறுபதிவாகக் கிடைக்கின்றன. ஆனால் புளியங்குடியிலும் கடையநல்லூரிலும் தென்காசியிலும் எங்கள் சங்கரன்கோவிலிலும், பழைய வீடுகளின் பரண்மேல் கிராமபோன் தட்டுக்கள் இன்னும் கட்டுக்கட்டாகக் கிடக்கக்கூடும். வீட்டை இடித்துக் கட்டும்போது அவற்றைப் பழைய சாமான்காரனிடம் போட்டுவிடாதீர்கள். கீறல் விழுந்திருந்தாலும் சரி, விளிம்பு உடைந்திருந்தாலும் சரி, மேலே ஒட்டிய காகிதத்தில் கிட்டப்பாவின் பெயர் இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். இருந்தால், பிரதி எடுக்கத் தெரிந்தவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பியுங்கள்.