பங்குனி நிலாவும் ஈஸ்டர் ஞாயிறும்

வீட்டில் எனக்குக் காலண்டர் பைத்தியம் என்று பெயர். திருநீறு பூசுகிற குடும்பம்தான்; ஆனாலும் எங்கள் கூடத்தில் பஞ்சாங்கத்துக்குப் பக்கத்திலேயே கத்தோலிக்கத் திருவழிபாட்டு நாட்காட்டியும் தொங்குகிறது. அடடா, அதில் அப்படியொரு ருசி!

மயிலத்தில் இருப்பவர்களுக்கு அந்த ருசி இன்னும் நன்றாகப் பிடிபடும். எங்கள் மலை முருகனுக்குப் பங்குனி உத்திரம்தான் பெரிய விழா. உத்திர நட்சத்திரம் பௌர்ணமியை ஒட்டி வரும். ஈஸ்டரும் நிலாக் கணக்குதான். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. 2024-இல் ஈஸ்டருக்கு முந்திய குருத்து ஞாயிறு மார்ச் 24, மறுநாளே பங்குனி உத்திரம். திண்டிவனம் பஸ்ஸில் ஒருவர் கையில் குருத்தோலைச் சிலுவை, இன்னொருவர் மடியில் காவடிக்கான மயிற்பீலிக் கட்டு. 2022-இலோ உத்திரம் மார்ச் 18-லேயே வந்துவிட்டது. மூன்று நாள் முந்திய அந்தப் பௌர்ணமி ஈஸ்டர் கணக்கில் சேராது. அடுத்த நிலாவுக்குக் காத்திருந்து ஏப்ரல் 17-இல் ஈஸ்டர்!

அதே 2024 மார்ச் 25-இல் இன்னொரு கூத்தும் நடந்தது. மரியாளுக்கு வானதூதர் சேதி சொன்ன மங்கள வார்த்தைத் திருநாள் அன்றுதான் வரவேண்டும். கிறிஸ்துமஸுக்குச் சரியாக ஒன்பது மாதம் முன்பு. ஆனால் புனித வாரத்தில் வேறு விழாவுக்கு இடமே கிடையாது. ஈஸ்டருக்கு அடுத்த வாரத்திலும் அப்படித்தான். பாவம், ஏப்ரல் 8 வரை தள்ளிப் போட்டார்கள். இந்த முன்னுரிமைச் சட்டங்களை வாசிக்க ஆரம்பித்தால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். குருவானவரின் உடுப்பு நிறம் வேறு நாளுக்கு நாள் மாறும்! தவக்காலத்தில் பெரும்பாலும் ஊதா. நடுவில் நான்காம் ஞாயிறு மட்டும் ரோஜா நிறம் போடலாம். யார் யோசித்தார்களோ, அவர் கைக்கு மோதிரம் போட வேண்டும்.

புனிதர்களின் திருநாள் பெரும்பாலும் அவர்கள் இறந்த நாள்தான். விண்ணகத்தில் பிறந்த நாளாம் அது. நாயன்மார்களின் குருபூசையை முத்தி அடைந்த நட்சத்திரத்தில் கொண்டாடுகிற நமக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். மண்ணில் பிறந்த நாளைக் கொண்டாடுவது மூன்றே பேருக்கு: இயேசு, செப்டம்பர் 8-இல் மரியாள், ஜூன் 24-இல் திருமுழுக்கு யோவான். தேவசகாயம் பிள்ளை 1752 ஜனவரி 14-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆக, 2022-இல் புனிதர் பட்டம் பெற்ற அவருடைய திருநாள் பொங்கலோடு மோதுகிறது! பிப்ரவரி 4 அருளானந்தருக்கு. லிஸ்பனில் பிறந்து, பண்டாரசாமி கோலத்தில் செஞ்சிச் சீமையின் எல்லையிலும் திரிந்து, 1693-இல் ஓரியூரில் உயிரைக் கொடுத்தவர். செஞ்சி எங்களுக்குக் கூப்பிடு தூரம். நம்ம ஊர்ப் புனிதர் என்று நான் உரிமை கொண்டாடினால் யார் தடுப்பது?

இதெல்லாம் தாளில். நேரில் பார்க்க வேண்டுமானால் புதுச்சேரிப் பக்கத்து வில்லியனூருக்குப் போங்கள். பிரெஞ்சு குருக்கள் 19-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய லூர்து மாதா கோயில். எதிரே பெரிய குளம். ஈஸ்டர் முடிந்த கையோடு அங்கே கொடியேறும். தேர் அன்று பேண்டு வாத்தியம் காதைப் பிளக்கும். நீல இடைக்கச்சை கட்டிய மாதா மின்விளக்கு ஜொலிக்க அசைந்து வரும்போது, கீழேயிருந்து மல்லிகைச் சரங்கள் பறக்கின்றன; தேர்மேல் நிற்கும் பையன் லாவகமாகப் பிடித்து, மாதா பாதத்தில் வைத்தெடுத்து, அதே வேகத்தில் கூட்டத்துக்குத் திருப்பி வீசுகிறான். எனக்கும் ஒரு முழம் கிடைத்தது. கூட்ட நெரிசலில் செருப்பு போனது, போகட்டும்.

மாதா தேர் நிலைக்கு வந்து கொஞ்ச நாளில் வைகாசி பிறந்துவிடும். அதே வில்லியனூரில் திருக்காமீசுவரர் தேர். பிரெஞ்சுக் காலத்து வழக்கம் மாறாமல் இன்றும் புதுச்சேரித் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார். அதற்கும் போகப்போகிறேன், பழைய செருப்போடு.