அட்டை: ஒரு சொல்லும் இரண்டு உயிர்களும்

சேர்வராயன் மலைமேல் உள்ள ஏற்காட்டின் பெயரை ஏரி, காடு என்னும் இரு சொற்களின் புணர்ப்பாகக் கொள்வது பொதுவழக்கு. அட்டை என்று நாம் வழங்கும் உயிரும் இவ்விருவகை இடங்களில் வாழ்வதே. ஏரி குளங்களில் வாழ்வது நீரட்டை. மழைமிக்க மலைக்காட்டின் சருகிடையே வாழ்வது காட்டட்டை. சித்த மருத்துவ நூல்களையும் மலைத்தோட்டப் புதினங்களையும் ஒருங்கு கற்போர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்குதல் கூடும். அம்மயக்கத்திற்குச் சொல்லே காரணம் என்பது எம் கருத்து.

வடமொழியில் சுசுருதர் இவ்வுயிரைச் 'சலௌகை' என்பர். நீரை உறைவிடமாக உடையது என்பது அதன் பொருள். பெயரிலேயே நீர் நிற்றலின் காட்டட்டைக்கு அங்கு இடமில்லை. தமிழ்ச்சொல் அத்தகையதன்று. அட்டுதல் என்பதற்குச் சுவரில் மண் ஒட்டுதல் போன்ற ஒட்டுதற்பொருள் உண்டு. அதனடியாக அட்டை பிறந்தது எனல் பொருந்தும். உறைவிடம் பற்றாது செயல்பற்றி எழுந்த பெயராதலின், ஒட்டிக் குருதியுண்ணும் இரண்டிற்கும் அது பொதுவாயிற்று.

சித்த மருத்துவத்தின் புறமருத்துவ முறைகள் 32. அவற்றுள் அட்டைவிடல் ஒன்று. குருதி வாங்கல், கொம்பு கட்டல், உறிஞ்சல் என்பன அதனின் வேறாக எண்ணப்பட்டமை நோக்கத்தக்கது. குருதி வாங்குவோனும் கொம்பு கட்டுவோனும் மருத்துவனே. அட்டையையோ அவன் விடுகின்றான். எஞ்சிய வினை அதனுடையது. கருவியே வினைமுதலாகும் இந்நுட்பம் 'விடல்' என்னும் ஒரு சொல்லில் அடங்கியுள்ளது. இங்குக் கருதப்படுவது நீரட்டையே. அதனுள்ளும் சுசுருதர் 12 வகை கூறி, 6 வகையை நஞ்சுடையன என விலக்குவர். ஆகவே, ஏட்டில் 'அட்டை' என்றிருத்தல் கண்டு, மலைவழியில் காலைப் பற்றியதொன்றை எடுத்துப் புண்மேல் விடலாம் எனக் கருதுவது சொற்பொருட் பிழையளவில் நில்லாது, நோயாளிக்கும் கேடாம்.

வாக்படர் தம் அட்டாங்க இருதயத்தில், அட்டை தீய குருதியை முதற்கண் உண்பதற்கு, நீரைப் பிரித்துப் பாலுண்ணும் அன்னத்தை உவமை கூறுவர். நன்னூலார் நன்மாணாக்கனுக்குக் கூறும் அன்னமும் இதுவே! மெத்தையில் வைத்தாலும் குட்டையை நாடுவது எனப் பழமொழி இகழும் உயிர்க்கு இத்துணை உயர்வு எம்மை வியப்பிக்கின்றது. எனினும் உவமை அழகியதேயன்றி உண்மையன்று. அட்டை குருதியைப் பகுத்துண்பதில்லை. அதன் வாய்நீர் குருதியை உறையவிடாது தடுத்தலை 1884இல் ஹேக்ராஃப்ட் காட்டினார். அப்பொருளாகிய ஹிருடினை 1950களில் மார்க்வார்ட் பிரித்தெடுத்தார். அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2004இல் அட்டையை மருத்துவக் கருவியாக ஏற்றது. ஒட்டறுவை செய்த உறுப்பில் தேங்கும் குருதியை வடித்தலே இன்று அதன் தலையாய பயன்.

இனிப் புதினத்திற்கு வருவோம். பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்டு, இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' எனத் தமிழாக்கிய நூல் ஆனைமலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் துயரை உரைப்பது. அவர் காலைப் பற்றும் அட்டை காட்டட்டை. அதனை விடுவார் எவருமிலர். அது தானே வந்து பற்றுகின்றது. எனவே அதனைப் பண்டை மருத்துவ அட்டையின் தலைகீழ்க் குறியீடாகக் காணல் வலிந்து பொருள்கொள்ளலேயாம். சுரண்டலுக்குக் குறியீடாதல் பொருந்தும். ஆயினும், அத்தொழிலாளருக்கு அது முதலில் நாள்தோறும் எதிர்ப்பட்ட உயிர்.

மருத்துவச் சுவடிகளைப் பதிப்பிப்போர் அருஞ்சொற்பொருளில் 'அட்டை' என்பதற்கு நேரே 'நீரட்டை' என வரைதல் நன்று.