உட்காரும் இடம்

ஹோட்டலைப் பற்றி எழுதுவதென்றால் சாம்பாரைப் பற்றி எழுதுவதுதான் நம்மிடையே வழக்கம். நான் எழுத வந்தது பெஞ்சைப் பற்றி. ருசி நாளுக்கு நாள் மாறும். சமையற்காரர் கோபித்துக்கொண்டு போனால் அன்றைக்கே மாறிவிடும். பெஞ்சு அப்படி மாறாது. வருகிற மனிதர்களைப் பற்றிக் கடைக்காரருக்கு என்ன அபிப்பிராயம் என்பதை அது தினமும் சொல்லிக்கொண்டிருக்கும்.

இது எனக்குத் தோன்றியது வரதராஜன்பேட்டையில். அரியலூர் மாவட்டத்தில், ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இருக்கிற ஊர். ஒரு கல்யாணத்துக்குப் போனவன் திரும்பும்போது பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு ஒரு டீக்கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். முன்பக்கம் எதிரெதிராக இரண்டு பெஞ்சுகள். நடுவே முழங்கால் இடிக்காத அளவுக்கு இடைவெளி. ஆனால் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்காமல் தப்ப முடியாது. பத்து நிமிஷத்தில் நான் எந்த ஊர், கல்யாணத்தில் பந்தி எப்படி என்பதெல்லாம் அங்கே தெரிந்துபோயிற்று.

பக்கவாட்டில், வேப்ப மரத்தடியில் மூன்றாவது பெஞ்சு ஒன்று இருந்தது. அதற்கும் சாலைக்கும் நடுவே ஒரு கீற்றுத் தட்டி. தோப்பு வேலை முடிந்து வந்த பெண்கள் நாலைந்து பேர் நேரே அங்கே போய் உட்கார்ந்தார்கள். இங்கேயும் திரைதானா என்று எனக்குச் சற்றுக் கசப்பாக இருந்தது. பிறகு சரியாகப் பார்த்தேன். தட்டி உட்கார்ந்தவர்களின் தோள்மட்டம்தான். அவர்கள் சாலை முழுவதையும் பார்த்தார்கள். சாலைக்குத் தெரிந்தது அவர்கள் முகம் மட்டுமே. தட்டிக்குப் பின்னால் காலை நீட்டிக்கொண்டு, புடவையை இழுத்துவிட்டுக்கொள்ளும் கவலை இல்லாமல் டீ குடித்தார்கள்.

கடைக்காரரிடம் கேட்டேன். "மொதல்ல ஆளுயரத்துக்குத்தாங்க கட்டினேன். ஒருத்தரும் ஒக்காரல. பஸ்ஸு வர்றது தெரியலேன்னுட்டாங்க. பாதிக்கு வெட்டிட்டேன்" என்றார்.

பெரிய பட்டணங்களில் 'பாமிலி ரூம்' என்று ஒன்று உண்டு. மூன்று பக்கம் பலகை, நாலாவது பக்கம் எண்ணெய்ப் பிசுக்கேறிய திரை, உள்ளே மின்விசிறி எட்டாத புழுக்கம். பெண்களுக்கு மரியாதை செய்வதாக அதைக் கட்டியவர் நினைத்திருக்கக்கூடும். ஆளுயரத் தட்டியை வெட்டிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லையோ, சொன்னதை அவர் கேட்கவில்லையோ.

நம் ஹோட்டல்களில் தடுப்பு என்பது சாதாரணச் சங்கதியல்ல. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கு ஓரிடம், மற்றவருக்கு ஓரிடம் என்றிருந்த ஏற்பாடு 1941-ல்தான் எடுபட்டது. அதற்குப் பதினாறு வருஷம் கழித்து, 1957-ல், திருவல்லிக்கேணியில் முரளி கபேயின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற ஒரு வார்த்தைக்காகப் பெரியாரின் கழகத்தார் மறியல் செய்ய வேண்டியிருந்தது. கிராமத்து டீக்கடைகளில் தடுப்புச் சுவருக்கு அவசியமே இருக்கவில்லை. இரண்டு வகைத் தம்ளர் போதுமானதாக இருந்தது. ஆகவே எந்தக் கடைக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது தம்ளர்களைத்தான். வரதராஜன்பேட்டைக் கடையில் எல்லாம் ஒரே ஜாதிக் கண்ணாடித் தம்ளர், எல்லாம் ஒரே அண்டாவில் கழுவினவை. அதைப் பார்த்த பிறகுதான் தட்டியைப் பாராட்ட எனக்கு மனம் வந்தது.

யோசித்துக் கட்டின இடங்கள் என்றால் என் நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று சென்னை கதீட்ரல் ரோட்டில் 1962-ல் திறந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். கார் ஜன்னலில் தட்டை மாட்டி இட்டிலி கொடுத்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. அங்கே இருந்த மரங்களை அப்படியே விட்டுவைத்தார்களே, கார் இல்லாதவனும் ஒரு காபியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார இடம் வைத்தார்களே, அதுதான் விசேஷம். 2008-ல் அதை மூடினார்கள். இப்போது அந்த இடம் செம்மொழிப் பூங்கா. மரங்கள் இருக்கின்றன, காபி இல்லை.

மற்றொன்று திருவனந்தபுரத்தில் தம்பானூர் பஸ் நிலையத்தின் அருகே லாரி பேக்கர் கட்டின இந்தியன் காபி ஹவுஸ். செங்கல்லால் ஆன உருண்டைக் கோபுரம். உள்ளே மாடிப்படி கிடையாது. சாய்தளம் ஒன்று சுற்றிச் சுற்றி மேலே போகிறது. வெளிச்சுவரை ஒட்டி மேஜையும் இருக்கையும் கட்டடத்தோடு கட்டடமாக வார்த்திருக்கிறது. சுவரில் விட்ட துவாரங்கள் வழியே காற்றும் வெளிச்சமும் வருகின்றன. ரயிலுக்குக் காத்திருக்கிறவனுக்கு அதைவிடச் சுகமான இடம் சொல்ல முடியாது. மாடி, கீழ் என்கிற பேதமே எழ முடியாதபடி கட்டியிருக்கிறார். எல்லோரும் ஒரே சாய்வில் எங்கேயோ இருக்கிறார்கள். ஆனாலும் ஒரு குறை சொல்வேன். மேஜை நகராது. ஐந்தாவது சிநேகிதர் வந்துவிட்டால் அவருக்கு இடமில்லை. கொஞ்சம் பருத்தவர் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நுழைய வேண்டும். பேக்கர் எவ்வளவு பெரிய கலைஞரானாலும் கல்லில் வார்த்தபின் வெட்டிக் குறைக்க முடியாது. கீற்றுத் தட்டிக்கு அந்தச் சலுகை உண்டு.

மதுக்கடை பார்களையும் சொல்ல வேண்டும். 2003 முதல் சில்லறை வியாபாரம் டாஸ்மாக் கையில். கடையை ஒட்டிய பார்களில் நான் பார்த்தவரை தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலி, வெளியே ஆளுயர மறைப்பு. மறைப்பைத் தவிர வேறு எதையும் யோசித்ததாகத் தெரியவில்லை. உள்ளே வருகிறவனை அது வெட்கப்படச் சொல்கிறது. வெட்கப்படுகிறவன் அவசரமாகக் குடிக்கிறான். குடியை ஆதரித்து நான் இதை எழுதவில்லை. ஆனால் நிதானமாக இருக்கச் சொல்லும் சுவரொட்டியைவிட, நிதானமாக உட்கார ஓர் இடம் அதிகம் சாதிக்கும் என்று நினைக்கிறேன்.

அன்றைக்கு எதிர்பெஞ்சுக்காரர் முந்திரி விலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததில் நான் சாலையையே மறந்துவிட்டேன். தட்டிக்கு மேலே ஒரு தலை எழும்பியது.

"ஐயா, ஒங்க பஸ்ஸு திரும்புது, ஓடுங்க."

காசைக் கல்லாவில் வைத்துவிட்டு ஓடினேன்.